உறக்கமும் கல்வியும்: ‘பள்ளி’ என்னும் சொல்லை முன்வைத்து



மொழி வளர்ச்சிக்கென அமைந்த இச்சொற்பொழிவு வரிசையில் உறக்கத்தைப் பொருளாகக் கொண்டது ஏன் என்ற வினா உங்களுள் சிலர்க்கு எழுந்திருக்கும். இது மருத்துவர் பேசவேண்டிய பொருளன்றோ என்று எண்ணியிருப்பீர்கள். மருத்துவர்கள் பேசியே வருகிறார்கள். ஆயினும், ஒரு சமுதாயம் உறக்கத்தை எவ்வாறு மதிக்கிறது என்பதை அதன் சொற்களே முதலில் காட்டிக்கொடுக்கின்றன. சொல்லில் இழிவுபட்டது வாழ்விலும் இழிவுபடும். அவ்விழிவின் சுமை, பண்டார் தெங்காரா போன்ற ஊர்களில் விடியுமுன் எழுந்து புறப்படும் பிள்ளைகளின் தலையில்தான் முதலில் இறங்குகிறது. ஆகவே, சொல்லில் தொடங்கி, ஊருக்கு வந்து, உடலையும் கல்வியையும் பார்த்து, நாம் செய்யக்கூடியவற்றில் முடிப்போம்.

ஒரு சொல்லின் பல பொருள்

‘பள்ளி’ என்றதும் இன்று நம் நினைவுக்கு வருவது வகுப்பறையும் கரும்பலகையும். ஆனால் சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைப் புரட்டினால், அச்சொல்லுக்குச் சிற்றூர், துறவியர் உறைவிடம், அறை, கல்விக்கூடம் என்னும் பொருள்களோடு படுக்கை, உறங்குமிடம், உறக்கம் என்னும் பொருள்களும் இருப்பதைக் காணலாம். பள்ளியறை என்றால் படுக்கையறை. பள்ளிகொள்ளுதல் என்றால் துயில்கொள்ளுதல். பள்ளியெழுச்சி என்றால் துயிலெழுப்புதல். கோயில் வழக்கில் இச்சொற்கள் இன்றும் வாழ்கின்றன.

மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளம் குன்றில், கிறித்துவுக்கு முற்பட்ட காலத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டில் இச்சொல் ‘பளி’ என்னும் வடிவில் காணப்படுகிறது. அக்குன்றின் குகைத்தளங்களில் சமணத் துறவியர் படுத்துறங்குவதற்காக வழவழப்பாகச் செதுக்கப்பட்ட கற்படுக்கைகள் உள்ளன. துறவியர் உறங்கிய இடமே அவர்கள் பிறர்க்குக் கற்பித்த இடமாகவும் ஆனது. அதனால் படுக்கையைக் குறித்த சொல் கல்விக்கூடத்தையும் குறிக்கலாயிற்று என்று அறிஞர் பலர் கருதுவர். எவ்வாறாயினும், ஓய்வும் கல்வியும் ஒரே சொல்லுக்குள் அடங்கும் மொழி நம்முடையது. இவ்வுறவு தற்செயலாக அமைந்திருக்கலாம். ஆயினும் அண்மைக்கால அறிவியல் கண்டறிந்தவற்றோடு அது வியக்கத்தக்க வகையில் பொருந்துகிறது. அதைப் பின்னர்ப் பார்ப்போம்.

உறக்கத்தின் சொற்குடும்பம்

உறக்கத்தைச் சுட்டத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. உறங்குதல், துயிலுதல், துஞ்சுதல், தூங்குதல், கண்படுதல், கண்ணயர்தல், கண்வளர்தல் என அவை விரியும். ‘நித்திரை’ வடமொழியிலிருந்து வந்தது. இலங்கைத் தமிழர் பேச்சில் அதுவே அன்றாடச் சொல். ‘உறக்கம்’ மலையாளத்துக்கும் நமக்கும் பொது.

இவற்றுள் மூன்று சொற்களைச் சற்று நின்று நோக்குவோம். ‘துஞ்சுதல்’ என்பது பழந்தமிழில் உறங்குதலையும் இறத்தலையும் குறித்தது. சங்க கால மன்னர்களைக் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் என்றும், சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன் என்றும் அவர்கள் உயிர்நீத்த இடத்தோடு சேர்த்து வழங்கினர். திருவள்ளுவரும் நிலையாமை அதிகாரத்தில் இறப்பை உறக்கத்துக்கும் பிறப்பை விழிப்புக்கும் ஒப்பிடுகிறார்.

‘தூங்குதல்’ என்பதன் பழைய பொருள் தொங்குதல், அசைதல் என்பனவாம். தூக்கணாங்குருவி என்னும் பெயரில் அப்பொருள் இன்றும் தங்கியிருக்கிறது. தொங்குவது நிலைகொள்ளாது நிற்பதால், அச்சொல் காலந்தாழ்த்தலையும் குறித்தது. குறளிலேயே அப்பொருளில் அது ஆளப்பட்டுள்ளது. இன்று பேச்சு வழக்கில் உறக்கத்துக்கு நாம் மிகுதியாகப் பயன்படுத்தும் சொல், ஒரு காலத்தில் தாமதத்தைக் குறித்த சொல்லாகும்.

‘கண்வளர்தல்’ என்பதோ முற்றிலும் வேறு உலகம். குழந்தைக்கும் இறைவனுக்கும் மட்டுமே நாம் இச்சொல்லை ஒதுக்கிவைத்துள்ளோம். உறக்கத்தை ஒரு வளர்ச்சியாகக் கண்ட சொல் இது. ஆழ்ந்த உறக்கத்தில்தான் பிள்ளைகளின் உடலில் வளர்ச்சி இயக்குநீர் மிகுதியாகச் சுரக்கிறது என்பதை உடலியல் அறிந்தது இருபதாம் நூற்றாண்டில்.

ஆக, ஒரே செயலை இறப்பாகவும் தாமதமாகவும் வளர்ச்சியாகவும் காணும் மூன்று பார்வைகள் நம் மொழியில் உள்ளன. நடைமுறையில் வென்றது எது? கோப்பு தூங்குகிறது, திட்டம் தூங்குகிறது, நிருவாகம் தூங்குகிறது என்றே எழுதுகிறோம். வகுப்பில் கண்ணயரும் மாணவனைத் தூங்குமூஞ்சி என்று அழைக்கிறோம். தாமதம் என்னும் பார்வையே வென்றிருக்கிறது.

இவ்விடத்தில் ஒரு மரத்தை நினைவூட்ட விரும்புகிறோம். நம் நாட்டுச் சாலையோரங்களில் குடைபோல் விரிந்து நிற்கும் மழைமரத்தின் இலைகள் மாலையானதும் மூடிக்கொள்ளும். அதைத் தமிழர் தூங்குமூஞ்சி மரம் என்றனர். மலாய்க்காரர்களோ ‘புக்குல் லீமா’ என்றனர். ஐந்து மணி என்பது அதன் பொருள். ஒரே மரத்தின் ஒரே இயல்பைக் கண்டு ஒரு மொழி அதைக் கடிகாரம் என்றது. மற்றொரு மொழி சோம்பேறி என்றது. மலாய்ப் பெயரே உண்மைக்கு நெருக்கமானது. 1729ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு அறிஞர் தெ மைரான், தொட்டாற்சுருங்கி வகைச் செடியொன்றை இருளில் வைத்தபோதும் அதன் இலைகள் உரிய நேரத்தில் திறந்து மூடுவதைக் கண்டார். உயிருக்குள்ளேயே ஒரு கடிகாரம் உண்டு என்பதற்குக் கிடைத்த முதற் சான்றுகளுள் அது ஒன்று. அக்கடிகாரத்தின் மரபணு இயக்கத்தைக் கண்டறிந்தமைக்காக ஹால், ரோஸ்பாஷ், யங் ஆகிய மூவர்க்கும் 2017இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

மடியும் துயிலும்

நம் நீதி நூல்கள் உறக்கத்தைப் பழிக்கின்றனவே என்று மாணவர் கேட்கலாம். மடியின்மை அதிகாரத்தில் வள்ளுவர் காலந்தாழ்த்தல், மறதி, சோம்பல் ஆகியவற்றோடு துயிலையும் சேர்த்து, கெடுபவர் விரும்பி ஏறும் கலங்கள் என்கிறார். குமரகுருபரர் நீதிநெறி விளக்கத்தில், எடுத்த செயலில் கருத்தூன்றியவர் உறக்கத்தைப் பொருட்படுத்தார் என்று பாடுகிறார். தேர்வுக் காலத்தில் இவற்றை மேற்கோளாகக் காட்டாத பேச்சாளர் குறைவு.

ஒரு சொல்லின் பொருளை அது அமர்ந்திருக்கும் வரிசையைக் கொண்டு அறிதல் மொழியியலின் முதற்பாடம். குறளில் துயில் அமர்ந்திருக்கும் வரிசையில் உள்ள மற்ற மூன்றும், செய்யவேண்டிய வேளையில் செய்யாதிருத்தலையே குறிக்கின்றன. எனவே அங்குக் கடியப்படுவது செயல் வேளையில் கொள்ளும் துயில் என்பதே பொருத்தம். குமரகுருபரர் பேசுவதும் ஓர் அரிய செயலை முடிக்கும் காலத்து மனவுறுதியைப் பற்றியது. ஆண்டு முழுவதற்குமான கால அட்டவணையை அவர் வகுக்கவில்லை.

ஆசாரக்கோவை வைகறையில் எழுக என்றதை அறிவோம். அதே நூல் எவ்வாறு படுத்துறங்க வேண்டும் என்பதற்கும் விதி கூறுகிறது. தேரையர் பெயரால் வழங்கும் பிணியணுகா விதி பகலுறக்கத்தை விலக்கச் சொல்கிறது; இரவு முழுமையாக உறங்கியவனுக்கே அவ்விதி பொருந்தும். எழுவதற்கும் படுப்பதற்கும் முறை வகுத்த மரபில், எழுவதை மட்டும் நாம் எடுத்துக்கொண்டோம்.

பெரட்டுக் களத்திலிருந்து பாலம் வரை

இனி நம் ஊருக்கு வருவோம். ஜோகூர்த் தென்கிழக்கு வட்டாரத்தை மேம்படுத்த 1972இல் கெஜோரா எனப்படும் வளர்ச்சி வாரியம் அமைக்கப்பட்டது. காடும் தோட்டமுமாக இருந்த இப்பகுதியில், அவ்வாரியத்தின் திட்டத்தில் உருவான நகரமே பண்டார் தெங்காரா. இன்றும் நகரின் எல்லையைத் தாண்டினால் செம்பனை மரங்கள்தாம் கண்ணில்படும்.

இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு ஒரு தலைமுறைக்கு முந்தைய வாழ்வு பால்மரத் தோட்டத்தில் இருந்தது. பெரட்டு என்னும் சொல்லை முதியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அணிவகுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் தோட்டத்துத் தமிழர் நாவில் அவ்வாறு உருமாறியது. விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கொடுத்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் வெட்டப் போனார்கள். அதற்குக் காரணம் இருந்தது. வெயில் ஏறுமுன் மரத்தின் உள்ளழுத்தம் மிகுந்திருக்கும். அப்போதுதான் பால் நன்கு வடியும்.

அவ்வாழ்வைப் பொற்காலமாகச் சித்திரிப்பது நம் நோக்கமன்று. நெருக்கமான லயத்து வீடுகளில் கொசுவும் மலேரியாவும் இரவைக் கெடுத்தன. ஆனால் ஓர் ஒழுங்கு இருந்தது. நண்பகலுக்குச் சற்றுப் பின் வேலை முடிந்து வீடு திரும்பியவர்கள் உண்டு சற்றே கண்ணயர்ந்தார்கள். பல தோட்டங்களில் மின்னாக்கி இரவில் குறித்த நேரத்தில் நின்றுவிடும். வேறு வழியின்றி ஊர் அடங்கிவிடும். முன்னெழுந்தவர்கள் முன்னுறங்கினார்கள்.

இன்று பால்மரம் குறைந்துவிட்டது. பெரட்டுக் களமும் இல்லை. ஆனால் அந்த அதிகாலை மட்டும் நம்மோடு நிற்கிறது. கூலாய், செனாய், பாசிர் கூடாங் தொழிற்சாலைகளுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குச் செல்வோர் இருளிலேயே புறப்படுகிறார்கள். 1924இல் முறையாகத் திறக்கப்பட்ட ஜோகூர்ப் பாலத்தை நாள்தோறும் இலட்சக்கணக்கானோர் கடக்கின்றனர். 1998இல் இரண்டாம் பாலம் வந்த பின்னரும் நெரிசல் தீரவில்லை. நெரிசலுக்கு அஞ்சி, வேலை தொடங்கும் நேரத்துக்குச் சில மணிநேரம் முன்னரே மோட்டார் சைக்கிளில் கிளம்புவோர் பலர். தந்தை நான்கு மணிக்கு எழும்போது சிறிய வீட்டில் பிள்ளையும் விழிக்கிறது. மாலையில் அவர் வீடு சேர எட்டோ ஒன்பதோ ஆகிறது. அவர் முகத்தைப் பார்க்கவேனும் பிள்ளை விழித்திருக்கிறது. பெற்றோர்மீது இதில் பழியில்லை. இரு நாட்டு நாணய மதிப்பின் வேறுபாடு அவர்களை அழைத்துச் செல்கிறது. ஆயினும் இழக்கப்படுவது உறக்கம் என்பதை அறிந்துகொண்டாவது இழக்க வேண்டும்.

ஓய்வு நாளும் இதில் அடங்கும். ஜோகூரில் 2014 முதல் 2024 முடிய வெள்ளியும் சனியும் வார விடுமுறை. சிங்கப்பூரில் சனியும் ஞாயிறும். பதினோர் ஆண்டுகள், ஞாயிறன்று ஓய்ந்திருந்த தந்தையும் பள்ளிக்குச் சென்ற பிள்ளையும் ஒரே வீட்டில் வாழ்ந்தனர். 2025 சனவரி முதல் நாள் தொட்டு ஜோகூரும் சனி, ஞாயிறு விடுமுறைக்குத் திரும்பியுள்ளது. குடும்பம் ஒருங்கே ஓய்வெடுக்கக் கிடைத்த இவ்வாய்ப்பைத் தனிவகுப்புகளால் நிரப்பிவிடாதிருத்தல் நன்று.

கடிகாரமும் கதிரவனும்

இதில் இன்னொரு செய்தி உண்டு. மாணவர்கள் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். மலாயாவின் கடிகாரம் பலமுறை மாற்றப்பட்டது. 1905இல் கிரீன்விச் நேரத்துக்கு 7 மணி முன்னதாக இருந்தது. 1933இல் 7 மணி 20 நிமிடம், 1941இல் 7 மணி 30 நிமிடம் என முன்னேறியது. ஜப்பானியர் ஆட்சியில் தோக்கியோ நேரமே இங்கும் நடந்தது. போருக்குப் பின் மீண்டும் 7 மணி 30 நிமிடம். சபா, சரவாக் மாநிலங்களோடு ஒரே நேரம் வேண்டுமென்று, 1982 சனவரி முதல் நாள் தொடங்கும்போது தீபகற்பத்தின் கடிகாரங்கள் அரைமணி முன்னே தள்ளப்பட்டு 8 மணி ஆயிற்று.

எட்டு மணி வேறுபாடு 120 பாகை நெட்டாங்குக்கு உரியது. பண்டார் தெங்காராவின் நெட்டாங்கு ஏறத்தாழ 103.6 பாகை. ஒரு பாகைக்கு 4 நிமிடம். ஆகவே நம் கடிகாரம் கதிரவனைவிட ஏறத்தாழ 65 நிமிடம் முந்தி ஓடுகிறது. இங்குக் கதிரவன் உச்சிக்கு வருவது 1 மணியளவில். உதிப்பது ஆண்டு முழுவதும் 6:45 முதல் 7:20 வரையிலான நேரத்தில். 4 மணிக்கு எழுபவர், கதிரவன் கணக்கில் 3 மணிக்கும் முன்னரே எழுகிறார்.

நம் முன்னோர் நாளை ஆறு சிறுபொழுதுகளாகப் பகுத்தனர். ஒவ்வொன்றும் பத்து நாழிகை. அதாவது 4 மணிநேரம். கதிரவன் கணக்கில் 2 முதல் 6 வரை வைகறை. நம் கடிகாரத்தில் அது 3 முதல் 7 வரை. ஆக, ‘வைகறையில் எழு’ என்னும் அறிவுரையைக் கேட்டு 6 மணிக்கு எழும் பிள்ளையும் வைகறையில்தான் எழுகிறது. நூல்கள் கூறிய காலத்தைக் கதிரவனைக் கொண்டு அளக்க வேண்டும்.

உடலின் கடிகாரமும் கதிரவனையே பின்பற்றுகிறது. விழித்திரையில் படும் ஒளி மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. இருள் வந்ததும் மெலட்டோனின் சுரந்து உறக்கத்தை அழைக்கிறது. கைப்பேசியின் ஒளி அவ்வழைப்பைத் தள்ளிப்போடுகிறது. பதின்ம வயதில் இவ்வுடற்கடிகாரம் இயல்பாகவே ஒன்றிரண்டு மணிநேரம் பின்தங்குகிறது. பதினாறு வயதினர்க்கு இரவு உறக்கம் வராததும் காலையில் கண் திறக்காததும் பெரும்பாலும் உடலின் பருவம். ஒழுக்கக் குறைவாக அதைக் கொள்ளலாகாது.

உறங்கும்போது நடக்கும் கல்வி

1924ஆம் ஆண்டு, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்னும் இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இரு மாணவர்களுக்குப் பொருளற்ற அசைகள் பத்தினை மனனம் செய்யக் கொடுத்து, 1, 2, 4, 8 மணிநேரம் கழித்துக் கேட்டனர். சில நாள் இடைப்பொழுதில் அவர்கள் விழித்திருந்தார்கள். சில நாள் உறங்கினார்கள். 8 மணிநேரம் விழித்திருந்தபின் பத்தில் ஒன்றளவே நினைவில் நின்றது. 8 மணிநேரம் உறங்கி எழுந்தபின் பாதிக்கு மேல் நின்றது.

மொழியாசிரியர்கள் அறியவேண்டிய இன்னோர் ஆய்வு 2007இல் வந்தது. நம் மனத்துள் ஒரு சொல்லகராதி உள்ளது. ‘கட’ என்னும் ஒலி காதில் விழுந்தவுடன் கடல், கடன், கடவுள், கடமை எனப் பல சொற்கள் ஒன்றோடொன்று போட்டியிடும். அப்போட்டியில் இடம்பெறும் சொல்லே நம் சொந்தச் சொல். துமே, காஸ்கெல் என்னும் ஆய்வாளர்கள், ஆங்கிலச் சொற்களைப் போன்ற புதுச்சொற்களைப் படைத்து ஒரு குழுவினர்க்குக் காலையிலும் மறு குழுவினர்க்கு இரவிலும் கற்பித்தனர். 12 மணிநேரம் கழித்துச் சோதித்தபோது, இடையில் உறங்கியவர் மனத்தில்தான் புதுச்சொல் அப்போட்டிக்குள் நுழைந்திருந்தது. பகல் முழுதும் விழித்திருந்தவர்க்கு அச்சொல் நினைவில் இருந்தது, அகராதிக்குள் சேரவில்லை. அவர்களும் ஓரிரவு உறங்கி எழுந்தபின் சேர்ந்தது.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். வகுப்பில் நாம் ஒரு சொல்லைக் கற்பிக்கும்போது பாதி வேலையைத்தான் முடிக்கிறோம். மறுபாதி, அன்றிரவு பிள்ளையின் படுக்கையில் நிகழ்கிறது. படுக்கையையும் கல்விக்கூடத்தையும் ஒரே சொல்லால் சுட்டிய மொழிக்கு இது பொருத்தமான கண்டுபிடிப்பு.

உறக்கம் ஒரே சீராக நிகழ்வதில்லை. ஏறத்தாழ 90 நிமிடச் சுற்றுகளாக அது நடக்கிறது. இரவின் முற்பகுதியில் ஆழ்ந்த உறக்கம் மிகுதி. பிற்பகுதியில், விழிகள் மூடிய இமைக்குள் விரைந்தசையும் கனவுறக்கம் மிகுதி. அதனை அசெரின்ஸ்கி, கிளெய்ட்மன் ஆகியோர் 1953இல் கண்டறிந்தனர். நான்கு மணிக்கு எழுப்பப்படும் பிள்ளை தன் கனவுறக்கத்தின் பெரும்பகுதியை இழக்கிறது. கற்றலுக்கும் உணர்வமைதிக்கும் இருவகை உறக்கமும் வேண்டும்.

உடல் தன்னைச் சீர்செய்யும் வேளை

நோயுற்றோர்க்கு உறக்கம் ஏன் மிகுதியாக வருகிறது? நோய்க்கிருமியோடு போரிடும் நம் எதிர்ப்பாற்றல் வெளியிடும் வேதிப்பொருள்களே உறக்கத்தைத் தூண்டுகின்றன. காய்ச்சலில் படுத்துவிடுதல், உடல் தானே எழுதிக்கொள்ளும் மருந்துச் சீட்டு. பிள்ளை பெற்ற தாய்க்கு நம்மவர் பத்தியத்தோடு ஓய்வையும் விதித்தனர். மலாய்க் குடும்பங்களில் 44 நாள் காப்பு மரபு உண்டு. அவ்வோய்வை எவரும் சோம்பல் என்று சொல்வதில்லை. தேறும் உடலுக்கு ஓய்வும் ஒரு மருத்துவம் என்பதை நம் பாட்டிமார் அறிந்திருந்தனர்.

2015இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நலமுடைய 164 பேரின் உறக்கத்தை ஒரு வாரம் அளந்தபின் சளிக்கிருமியை அவர்கள் மூக்கில் செலுத்தினர். 6 மணிநேரத்துக்கும் குறைவாக உறங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு, 7 மணிநேரத்துக்கு மேல் உறங்கியவர்களைவிட நான்கு மடங்கு மிகுதியாக இருந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை, உடற்கடிகாரத்தைக் குலைக்கும் இரவு முறைப்பணியைப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியவற்றின் பட்டியலில் 2007இல் சேர்த்து, 2019இல் மீளவும் உறுதிசெய்தது. தொழிற்சாலையில் இரவு வேலை பார்ப்போர் நம்மிடையே பலர். அவர்கள் பகலில் உறங்குவதைப் பிணியணுகா விதியைக் காட்டிக் குறைசொல்லலாகாது. அவர்தம் இரவு பகலில் வருகிறது.

மருந்து அதிகாரம் உணவில் அளவை வலியுறுத்துகிறது. உறக்கத்துக்கும் அளவுண்டு. அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016இல் வகுத்த பரிந்துரைப்படி, 6 முதல் 12 வயதினர்க்கு 9 முதல் 12 மணிநேரம்; 13 முதல் 18 வயதினர்க்கு 8 முதல் 10 மணிநேரம். பெரியவர்க்குக் குறைந்தது 7 மணிநேரம் வேண்டும்.

இனிக் கணக்கிடுங்கள். பள்ளி ஏழரை மணியளவில் தொடங்குகிறது. பிள்ளை ஐந்தரைக்கு எழுகிறது. பத்து வயதுப் பிள்ளைக்குக் குறைந்த அளவு உறக்கம் கிட்ட வேண்டுமாயின் இரவு 8:30க்கு உறங்கியிருக்க வேண்டும். எஸ்பிஎம் மாணவர் 9:30க்கு உறங்கியிருக்க வேண்டும். தனிவகுப்பு எத்தனை மணிக்கு முடிகிறது? வீட்டுப்பாடம் எப்போது தொடங்குகிறது? விடையை நீங்களே அறிவீர்கள்.

நாம் செய்யக்கூடியவை

சட்டத்தையும் கால அட்டவணையையும் மாற்றும் அதிகாரம் இவ்வவைக்கு இல்லை. எனினும் அம்மாற்றம் இயலாததன்று. மேல்வகுப்புப் பள்ளிகள் காலை 8:30க்கு முன் தொடங்கலாகாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2014இல் பரிந்துரைத்தது. கலிபோர்னியா மாநிலம் அதையொட்டிச் சட்டமியற்றி, 2022 முதல் உயர்நிலைப் பள்ளிகளில் நடைமுறைப்படுத்தியது. பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் இதை நம் நாட்டிலும் பேசுபொருளாக்கலாம். அதுவரை நம் கைக்கெட்டியவை சில உள.

ஆசிரியர்களுக்கு முதலில். வகுப்பில் ஒரு பிள்ளை உறங்கினால், கேலிப்பெயர் சூட்டுவதற்கு முன், எத்தனை மணிக்குப் படுத்தாய், எத்தனை மணிக்கு எழுந்தாய் என்று தனியே அழைத்துக் கேளுங்கள். அவ்விரு விடைகளில் அக்குடும்பத்தின் நிலை முழுவதும் தெரியவரும். புதுச்சொற்களைக் கற்பித்த அன்றே சோதிப்பதோடு நில்லாமல் மறுநாட் காலையிலும் கேளுங்கள். ஓரிரவின் பயனை நீங்களே காண்பீர்கள். வீட்டுப்பாடத்தை அளக்கும்போது பக்கங்களை விட்டு, அதற்குப் பிள்ளை செலவிடும் நிமிடங்களை எண்ணுங்கள்.

பெற்றோர்க்கு இரண்டாவதாக. கைப்பேசிக்குப் படுக்கையறைக்கு வெளியே ஓர் இடம் கொடுங்கள். மாலையில் காப்பி வேண்டாம். ஆறு மணிக்கு அருந்திய காப்பியின் தூண்டுபொருளில் பாதியளவு பதினொரு மணிக்கும் உடலில் இருக்கக்கூடும். விடியலில் புறப்படும் தந்தையோ தாயோ முந்திய இரவே உடையையும் உணவையும் எடுத்துவைத்தால், பிள்ளையின் அறையில் விளக்கெரியத் தேவையிராது. மோட்டார் சைக்கிளில் செல்வோர் கண் செருகினால் ஓரமாக நிறுத்திப் பதினைந்து இருபது நிமிடம் கண்ணயர்வது, அரைமணி தாமதமாயினும் உயிர்காக்கும்.

மாணவர்களுக்கு நிறைவாக. தேர்வுக்கு முந்திய இரவு விழித்துப் படிப்பதைப் பெருமையாகப் பேசாதீர்கள். படித்ததை அகராதிக்குள் சேர்க்கும் எழுத்தரை வேலையிலிருந்து நீக்கிவிட்டு, கோப்புகளை மட்டும் குவித்துக்கொண்டே போவதற்கு அது ஒப்பாகும்.

இவையனைத்துக்கும் அடிப்படையாக, நம் பேச்சில் ஒரு திருத்தம் வேண்டும். சோம்பலுக்கு மடி என்னும் நல்ல சொல் உண்டு. அதை அதற்கே வைத்துக்கொள்வோம். உறக்கத்தை அதிலிருந்து பிரித்தெடுப்போம். பசித்த பிள்ளையை எவரும் ஏளனம் செய்வதில்லை. உறக்கம் போதாத பிள்ளையும் அவ்வாறே ஒன்று குறைவுபட்ட பிள்ளைதான். கண்வளர்தல் என்னும் சொல்லைத் தொட்டிலோடு நிறுத்திவிடாமல், பதினாறு வயது வரையிலேனும் நம் பிள்ளைகளுக்கு அதை உரிமையாக்குவோம். பள்ளி என்னும் சொல் இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சுமந்துவரும் இரு பொருளில், ஒன்றைக் கட்டிக்காத்து மற்றொன்றைக் கைவிட்டால், காத்ததும் நமக்கு முழுமையாகப் பயன் தராது.

 நேரமாகிவிட்டது, பிள்ளைகள் இன்றிரவு முன்னதாகவே உறங்கச் செல்ல வேண்டும்.